மூன்றாம் கூண்டிலிருந்து

கண்ணாடிக்குப் பின்னால் எனக்கொரு சின்னக் கூண்டு.
தண்ணீர்ப் போத்தல், இருமல் பொத்தான்,
பக்கத்துக் கூண்டில் சிங்களத்துக்குச் சுதர்மா.
பௌத்தாலோக மாவத்தையில் மழை பிடித்துக்கொண்டது
காதுக்கு இல்லை, கண்ணுக்கு மட்டும்.

மேடையில் லவோனா ஹம்மிங்பேர்ட்,
செரோக்கி மக்களின் மன்றத்தில் ஓர் உறுப்பினர்.
குடும்பப் பெயரை மொழிபெயர்க்கக் கூடாதென்பது விதி.
ஆனாலும் என் நாக்கினடியில் ஒரு ரீங்காரச் சிட்டு
கூட்டம் முடியுமட்டும் அந்தரத்தில் நின்றது.

"வரும் நாலு வருசத்துக்கு எங்கள் தலைமையின் முன்னுரிமைகள்"
என்று தொடங்கினார்.
ஆயிரம் தடவை சொன்ன சொல்.
மீன்பிடி அமைச்சுக்கு, டெங்கு ஒழிப்பு வாரத்துக்கு,
வட்டிக்குக் கடன் தர வந்தவர்களுக்கு;
சவர்க்காரம்போல் தேய்ந்த சொல்.
இன்று வாயைவிட்டு வரும்போது
நடுவே வெடித்தது.
முன். உரிமை.
முன்பே இருந்த உரிமை.
தாள் வருவதற்கு முன்,
தாளில் ஒப்பமிடச் சொன்னவன் வருவதற்கு முன்.
அதற்குள் அரை வசனம் பின்தங்கிவிட்டேன்.
ஓடிப் பிடித்தேன்.

முதலில் மொழி, என்றார்.
பிறந்ததிலிருந்தே அதைப் பேசியவர்களில்
ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால்
எங்கள் வரவுசெலவுத் திட்டத்துக்கே காய்ச்சல்.
பிறகு நீரிழிவு.
பிறகு வீடு, கூரை ஒழுகாத வீடு.
பிறகு பதிவேடு: அதில் பெயருள்ளவர், இல்லாதவர்,
இல்லாமல் ஆக்கப்பட்டவர்.
பிறகு நிலம், மிஞ்சியதும் மீளக் கேட்பதும்.

அவருடைய முப்பாட்டன்மாரை நடத்திக் கொண்டுபோன கதை வந்தது.
அகற்றல் என்பது குப்பைக்கு.
வெளியேற்றம் என்பது புகைக்கு.
இடப்பெயர்வு என்றேன்.
கீழே காதுக்கருவி மாட்டிய பன்னிரண்டு தலைகளும்
ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.
நிமிர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது,
இடம் தானாகப் பெயர்ந்ததுபோல் அல்லவா இருக்கிறது அந்தச் சொல்.
பெயர்த்தது யார்?
பொத்தானை அழுத்தி ஒருமுறை இருமினேன்.
திரும்ப வந்து,
"பெயர்த்தெறிந்தார்கள்" என்று திருத்தினேன்.

கேள்வி நேரம்.
வாகரைப் பக்கத்துப் புனிதமலர் எழுந்தாள்,
கடலோர வேடர் சங்கமொன்றின் செயலாளர்.
இரவு பஸ்ஸில் வந்த சேலை கசங்கியிருந்தது.
"அம்மா, அஞ்சு சொன்னீங்க.
ஆறாவதா ஒண்டு இருந்திருக்கும்.
வெட்டினது எது? வெட்டினது ஆரு?"

ஆங்கிலத்தில் கேட்டேன்.
லவோனா பேனாவை மூடினார். திறந்தார்.
மௌனத்தைப் பெயர்க்க எனக்குச் சம்பளமில்லை;
ஒலிவாங்கியைத் திறந்தே வைத்திருந்தேன்.
என் மூச்சு அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"ஒரு பாலம்" என்றார்.
"ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்றே வீடுகள்.
ஒவ்வொரு வருசமும் பட்டியலில் ஏறும்,
ஒவ்வொரு வருசமும் வெட்டுவோம்.
வெட்டச் சொல்லி முதலில் கையுயர்த்துவது நான்.
ஒரு வீடு என் தம்பியுடையது.
மழைக்காலத்தில் அவன் என்னோடு பேசுவதில்லை."

புனிதமலர் சிரித்தாள், ஏளனமாய் அல்ல,
தூரப் பயணத்தில் பக்கத்து இருக்கையில்
ஊர்க்காரியைக் கண்ட சிரிப்பு.
"எங்களுக்குக் கிணறு.
அக்காட வளவுக்குக் கிட்டப் போடாம
பள்ளிக்கூடத்தடியில போட்டன்.
இன்னும் அவ என்ட வீட்டுத் தேத்தண்ணி குடிக்கிறல்ல."

ஆங்கிலத்துக்குப் போகையில் அந்தத் தேத்தண்ணி
சீனியும் கோபமும் இல்லாத வெறும் டீயாகிவிட்டது.
இருந்தும் லவோனா
நீண்ட நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.
தவிசாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாலையில் படிவம் நிரப்ப வேண்டும்.
கடினமாயிருந்த கலைச்சொற்கள்?
பாலம், என்று எழுதினேன்.
வெட்டினேன்.
இல்லை, என்று எழுதிக் கொடுத்தேன்.

தும்முல்லைச் சந்தியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெள்ளம்.
யாரோ இழுத்துப் போட்ட ஒற்றைக் கொங்கிரீட் கல்.
இந்தப் பக்கம் நாங்கள் ஏழெட்டுப் பேர்,
அந்தப் பக்கம் பஸ், புறப்படும் உறுமலோடு.
கல்லில் ஒரு காலுக்குத்தான் இடம்.
ஒருவர் கையில் குடை, மற்றக் கையில்
நனையாமல் பிடித்த ஒரு றாத்தல் பாண்.
நீங்கள் போங்கோ, என்றேன்.
பின்னால் நின்றவன் என்னைத் திட்டினான்.